எதிர்வீட்டின் மின்கட்டணம்

1

இந்தக் கதை தோன்றியதற்கு மின்விசிறி நின்றதே காரணம். அது சுழன்றிருந்தால் நான் மதிய உறக்கத்தில் இருந்திருப்பேன். நீங்களும் வேறெதையேனும் படித்துக்கொண்டிருப்பீர்கள்.

முதல் தொடக்கம்: ‘அன்று எங்கள் வீட்டை இருள் சூழ்ந்த—’

(மதியத்தில் இருள் எப்படிச் சூழும்? அடித்துவிட்டேன், அழிக்கவில்லை. பிழையும் கண்ணில் படட்டும்.)

நடந்தது இவ்வளவே: கட்டணம் செலுத்தாததால் எங்கள் மின்னிணைப்பைத் துண்டித்துவிட்டார்கள்.

2

கட்டணங்களுக்குப் பொறுப்பு என் நாத்தனார். கணவரை இழந்தபின் எங்களோடு இருக்க வந்தவள், முதல் வாரமே பெட்டியைக் கட்டினாள். சும்மா உட்கார்ந்து சாப்பிடக் கூசுகிறதாம். அவளை நிறுத்தும்பொருட்டு, நான் தேதிவாரியாகக் கோப்பில் அடுக்கியிருந்த கட்டணச் சீட்டுகளை அவளிடம் ஒப்படைத்தேன். அவள் கோப்பை மூடி வைத்துவிட்டுச் சமையலறையில் ஒரு கயிறு கட்டினாள். வந்த சீட்டைத் துணிக் கவ்வியால் மாட்டுவாள். பணம் கட்டியதும் கழற்றுவாள். கயிறு காலியான நாளில் அவள் முகத்தைப் பார்க்கவேண்டும்.

(இம்முறை ஒழுங்கற்றது என்று எழுதத் தொடங்கி நிறுத்தினேன். அதுவரை ஒரு கட்டணமும் தவறியதில்லை.)

3

தபால்காரர் எங்கள் மின்கட்டணச் சீட்டை எதிர்வீட்டுத் தையற்காரரிடமும் அவருடையதை எங்களிடமும் போட்டுவிட்டார். நாத்தனார் வந்ததை மாட்டினாள், வரிசையில் நின்று கட்டினாள், கழற்றினாள். தையற்காரரோ எங்களுடையதைத் திருப்பித்தர எண்ணி எடுத்துவைத்து, அதன்மேல் துணியைப் பரப்பி மறந்துபோனார்.

செய்தி அறிந்ததும் சீட்டோடும் பணத்தோடும் ஓடிவந்தார். “மாசாமாசம் நீங்களே கட்டினாலும் நான் வேணாம்னு சொல்லமாட்டேங்க” என்றார்.

பெயரைப் பார்த்திருக்கலாமே என்று என் மகன் தயங்கிக் கேட்டான்.

“பில்லுனு வந்தா கட்டணும். பேரைப் பாத்தா கட்டுவாங்க?” என்றாள் அவள்.

4

மகனை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. வில்லனாக்கினால் கதைக்கு வசதி. ஆனால் அத்தை வெயிலில் வரிசையில் நிற்பதை நினைத்தால் அவனுக்குச் சோறு இறங்காது. அன்றே பணம் செலுத்தி இணைப்பை மீட்டவன், இனி எல்லாக் கட்டணங்களும் வங்கியிலிருந்து தாமாகவே செல்லும்படி என் கைப்பேசியில் ஏற்பாடு செய்தான். ‘சம்மதம்’ என்ற பொத்தானை நான் அழுத்துவது மட்டும் பாக்கி.

பாத்திரம் துலக்கியபடி நாத்தனார் கேட்டாள்: “அப்புறம் எனக்கு இங்க என்ன வேலை, அண்ணி?”

குரலில் கோபமில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

5

முடிவு ஒன்று: அழுத்துகிறேன். விசிறி இனி நிற்காது. அவள் பெட்டியைக் கட்டுகிறாள்.

முடிவு இரண்டு: அழுத்தவில்லை. அவள் வெயிலில் மயங்கி விழுந்தால் என்ன செய்வீர்கள் என்று மகன் கேட்கிறான்.

வேறு வேலை தரலாமே என்பீர்கள். தந்து பார்த்தேன், கீரை ஆயச் சொன்னேன். “பாவம் பாத்துக் குடுக்கறீங்க” என்றாள், ஆய்ந்துகொண்டே.

6

இதோ, நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள்.

“தண்ணி பில்லு வந்திருக்கு அண்ணி. போய்க் கட்டிட்டு வரவா, இல்ல அதுவே போயிக்குமா?”

கைப்பேசி என் மடியில் இருக்கிறது. இதற்கான மறுமொழியை நான் எழுதப்போவதில்லை, நீங்களே சொல்லுங்கள். சற்று உரக்கச் சொல்லுங்கள், அவளுக்குக் காது கொஞ்சம் மந்தம்.