குராமிட்சு வீட்டு வயிற்றேடு

கண்புரை எடுத்த மூன்றாம் வாரம், குராமிட்சு ஜின்பெய் தொட்டியிலிருந்த எட்டு இமோரிகளையும் ஒவ்வொன்றாகக் கண்ணாடிக் கிண்ணத்தில் விட்டு, தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து வயிற்றைப் பார்த்தார். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

இமோரி என்னும் நீர்ப்பல்லிக்கு முதுகு கறுப்பு, வயிறு நெருப்புச் சிவப்பு. அந்தச் சிவப்பில் விழும் கறுப்புப் புள்ளிகள் மனிதரின் கைரேகை போல. ஒன்றுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இராது. குராமிட்சு வீட்டுக் கிணற்றில் அவை தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தன. கிணறு வற்றிய ஆண்டில் ஜின்பெய்யின் தகப்பனார் அவற்றை முன்னறைத் தொட்டிக்கு மாற்றினார். குட்டி வளர்ந்து தொட்டியில் விடும் நாளில் அதன் வயிற்றைத் தூரிகையால் வரைந்து, பெயரும் தேதியும் எழுதி வைத்தார். அதுதான் வயிற்றேடு. ஜின்பெய்யும் ஒரு புள்ளி தவறாமல் அதைத் தொடர்ந்தார், கண் மங்கும்வரை.

இன்று பத்து மணிக்கு ஊர் அலுவலகத்து ஹிபினோ வருகிறார். மலைக்கோயில் குளத்தில் காட்டு இமோரிகள் முப்பதுக்கும் குறைவாகத்தான் மிஞ்சியிருந்தன. இந்த எட்டையும் அவற்றோடு சேர்த்து இனத்தைப் பெருக்குவது என்று ஊர் முடிவு செய்திருந்தது. கரையில் கல் நட்டு, அதில் குராமிட்சு என்ற பெயரையும் வெட்டியாகிவிட்டது. குளத்தில் விடும் விழாவில் ஒவ்வொன்றின் பெயரையும் வாசிப்பதற்காகத்தான் ஜின்பெய் ஏட்டைத் திறந்தார்.

எட்டில் முப்பத்தொரு வயதுக் கிழவியான ஓகின் ஒருத்தி மட்டுமே ஏட்டோடு ஒத்துப்போனாள். மற்ற ஏழும் எந்தப் பக்கத்திலும் இல்லை. ஒன்றின் கழுத்தடியில் பட்டாணி அளவில் ஒரு கட்டி வெடித்திருந்தது.

"ஓரியே, இங்க வா."

"வரேன் மாமா. இமோரிக்குப் போடுற புழு இன்னும் உறைஞ்சு கிடக்கு, கரையட்டும்," என்று சமையலறையிலிருந்து மருமகள் குரல் கொடுத்தாள்.

"புழுவை விடு. இது யாரு?"

ஓரியே வந்து கிண்ணத்தைப் பார்த்தாள். "இமோரி."

"அது எனக்குத் தெரியும். எந்த வீட்டு இமோரி?"

அவள் மெல்ல முழந்தாளிட்டு அமர்ந்தாள். "போன வருஷம் ஆகஸ்ட்ல இடுப்பு ஒடிஞ்சு ஆஸ்பத்திரியில கிடந்தீங்களே, அப்போ நானும் அங்கேயே தங்கிட்டேன். தண்ணியைக் குளிர வைக்கிற மிஷின் நின்னுபோச்சு. மூணு நாள் கழிச்சு வந்து கையை விட்டா வெந்நீர். ஓகின் மட்டும்தான் மிச்சம்."

"இந்த ஏழு?"

"கடையில வாங்கினேன். நம்மளுது மாதிரியே புள்ளி கம்மியா இருக்கிறதாப் பார்த்துப் பொறுக்கினேன்."

"ஏன் சொல்லலை?"

"உங்க பையன் ஒரு பரீட்சையில தோத்ததுக்கு ரெண்டு வருஷம் அவர்கிட்ட பேசாம இருந்தீங்க. நான் ஏழு உயிரைக் கொன்னிருக்கேன். கணக்குப் போட்டுப் பார்த்தேன், என் ஆயுசு பத்தாது."

ஜின்பெய் சிரிக்கவில்லை. "கட்டி எப்போலேர்ந்து?"

"ஏப்ரல்லேர்ந்து. இப்ப மூணுக்கு இருக்கு. கடையில வெளிநாட்டுத் தவளைங்களோட ஒரே தண்ணியில கிடந்ததுங்க. உப்புத் தண்ணியில விட்டா அமுங்குது, மறுபடி வருது." குரலைத் தாழ்த்தினாள். "கட்டி உள்ளதை நிறுத்திக்கலாம் மாமா. மிச்சத்தைக் குடுத்துடலாம். ஏடு நம்மகிட்டதானே இருக்கு? யாரு வந்து வயித்தைப் பார்க்கப் போறாங்க?"

அவள் சொன்னதில் பிழையில்லை. ஊரில் ஒருவருக்கும் தெரியப் போவதில்லை. ஜின்பெய் ஏட்டின் முதல் பக்கத்தைப் புரட்டினார். தகப்பனாரின் தூரிகைக் கோடுகள் இப்போது முடி முடியாகத் தெரிந்தன. ஊரார் வாயில் நல்ல பெயர் எடுப்பது எளிது. இந்த ஏட்டின் முன்னே உட்கார்ந்து பொய் சொல்ல அவரால் ஆகவில்லை.

வாசல் கதவு நகர்ந்தது.

"கல்யாண வீடு மாதிரி இருக்கே ஐயா!" என்றபடி ஹிபினோ குளிர்பெட்டியோடு உள்ளே வந்தார். "மாப்பிள்ளைங்க தயாரா? அங்க மேயர் புதுச் செருப்போட சேத்துல நிக்கிறாரு, வழுக்கி விழறதுக்குள்ள போயிடணும்."

ஜின்பெய் பாய்விரிப்பில் இரு கைகளையும் ஊன்றி, நெற்றி தரையில் படக் குனிந்தார். எழுபத்தாறு வயதுவரை அந்த முதுகு யாருக்கும் அப்படி வளைந்ததில்லை.

"தம்பி, இதுல ஏழு எங்க வீட்டுது இல்லை. நோய் பிடிச்சதுங்க. ஓகினும் அதே தண்ணியிலதான் இருக்கா. ஒண்ணைக்கூட குளத்துல விடக் கூடாது. குராமிட்சு வீடு ஊரை ஏமாத்திடுச்சு."

ஏச்சுக்காகக் காத்திருந்தார். நிமிர்ந்தபோது ஹிபினோவின் முகம் வெளிறியிருந்தது. அவர் பார்வை தொட்டிக்குள் ஆடிய பாசியின் மேல் நிலைத்திருந்தது.

"மே மாசம் ஒரு வாளி பாசி குடுத்தீங்களே ஐயா. இலைக்கு இலை இமோரி முட்டையை மடிச்சு வச்சிருந்ததே."

"ஆமா. அலுவலகத்துல தொட்டி வைக்கப்போறோம்னு கேட்டீங்க."

"தொட்டி வரலை. முட்டை வீணாப்போகுமேன்னு அன்னைக்குச் சாயங்காலமே குளத்துல ஊத்திட்டேன். தண்ணியோட."

ஓரியே வாயைப் பொத்திக்கொண்டாள். "குளத்துல எல்லாம் நல்லாத்தானே இருக்கு?"

"போன வாரம் ரெண்டு செத்து மிதந்துச்சு. கழுத்துல புண்ணு. கொக்கு கொத்தியிருக்கும்னு நெனச்சேன்." ஹிபினோ குளிர்பெட்டியைக் கீழே வைத்தார். "இன்னைக்கு விடிகாலையிலேர்ந்து கரையைக் கூட்டுறோம். மூச்சு வாங்க ஒண்ணுகூட மேல வரலை. சத்தத்துக்குப் பயந்திருக்கும்னு மேயர் சொன்னாரு."

மலைப்பக்கம் விழா முரசு ஒலிக்கத் தொடங்கியது.

ஜின்பெய் ஏட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தார். "போய்ச் சொல்லிடுவோம்," என்றார். மற்ற இருவரும் அவர் பின்னால் நடந்தார்கள்.