அமாவாசையன்று ஏற்காட்டுக்கு

அம்மா என்னிடம் இதுவரை ஒன்றே ஒன்றுதான் கேட்டிருக்கிறாள். ஆடி மாதம் லீவில் செஞ்சிக்கு வந்திருந்தபோது, ஓசூர் ஹாஸ்டலில் என்னோடு தங்கியிருக்கும் பெண் ஏற்காட்டில் எடுத்த போட்டோக்களைக் காட்டினேன். ஏரியில் காலால் மிதித்து ஓட்டும் படகு ஒன்று அதில் இருந்தது. தையல் மிஷினிலிருந்து எழுந்து வந்த அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"இதுல நம்மளும் மிதிக்கலாமா?"

பதிலுக்கு நிற்கவில்லை. போய் பிளவுஸுக்குக் கொக்கி வைக்க உட்கார்ந்துவிட்டாள். கூட்டிப் போயே தீருவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

போன் பாகங்கள் செய்யும் கம்பெனி எங்களுடையது. சேர்ந்தாற்போல் இரண்டு நாள் லீவு கிடைப்பதே பெரிய விஷயம். அக்டோபரில் ஒரு சனி, ஞாயிறு கிடைத்தது. ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வரும்போது கண் எரியும், டைப் அடிக்க முடியாது. போனை வாயருகே வைத்துப் பேசினால் அதுவே எழுத்தாக்கிவிடும், அப்படியே குடும்ப குரூப்பில் திட்டம் போட்டேன். சனி சாயங்காலம் ஏரிக்கரையில் நடை, ஞாயிறு காலை படகு, அப்புறம் மான் பூங்கா, மிளகு வாங்குவது, மதியம் கீழே இறங்கும் பஸ். மழை வந்தால் என்ன செய்வது, மலைப்பாதையில் அம்மாவுக்கு வாந்தி வந்தால் என்ன செய்வது என்று அதற்கெல்லாம் தனித்தனியாக அனுப்பினேன். தங்கச்சி தமிழினி எல்லாவற்றையும் வீட்டில் வாசித்துக் காட்டினாள். அப்பாவை நாங்கள் நைனா என்போம். அவருக்குச் செஞ்சி ராஜகிரிக் கோட்டையில் புதர் வெட்டும் வேலை, தினமும் மலை ஏறி இறங்குகிறவர். இங்கே இல்லாத மலையா அங்கே இருக்கிறது என்று கேட்டாராம்.

பக்கத்துத் தெரு ராஜாங்கம் அண்ணன் வாடகை வேன் ஓட்டுகிறவர். சேலம் வரை வருவதாக ஒத்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை ராத்திரி நான் செஞ்சிக்கு வந்து சேர்ந்தேன். சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு நாலு பேரும் பைகளோடு வாசலில் நின்றோம். ஏழு மணிக்கும் வேன் வரவில்லை. போன் போட்டேன்.

"பாப்பா, நீ சனிக்கெழமன்னுதான சொன்ன? அமாவாசன்னு சொல்லலியே. ஓனரு வண்டிய மலையனூருக்கு அனுப்பிட்டாரு. நானே அங்கதான் ரெண்டாவது நடை ஓட்டிக்கினு இருக்குறேன்."

அமாவாசையென்றால் இந்தப் பக்கத்துப் பஸ், வேன் எல்லாம் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குத்தான் ஓடும். செஞ்சியில் பிறந்தவர்கள் யாரும் அன்றைக்கு வேறு ஊருக்கு வண்டி பேச மாட்டார்கள். இரண்டு வருஷமாக ஷிப்ட் அட்டவணையை மட்டுமே பார்த்துப் பழகிய நான் பேசியிருந்தேன்.

"ஓசூர்ல காலண்டரே கெடையாதா?" என்றார் நைனா. அவருக்கு முன்னாடியே தெரியுமாம். வண்டிக்காரனே ஒத்துக்கொண்டபோது தான் எதற்கு வாயைத் திறக்க வேண்டும் என்று இருந்துவிட்டாராம்.

"பயணம் நின்னுச்சின்னதும் நைனாவுக்குச் சட்ட பித்தான அவுக்குறதுக்குக் கை எப்டிப் போவுது பாரு," என்றாள் தமிழினி.

அம்மாவுக்கும் தெரிந்திருந்தது. அவள் விடிவதற்கு முன்பே எழுந்து சமைத்து, படையல் போட்டு, காக்காய்க்கும் வைத்து முடித்திருந்தாள். மடியில் பையோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தவள் மெதுவாகச் சொன்னாள்.

"வுடும்மா. இன்னொரு வாட்டி பாத்துக்கலாம்."

எங்கள் வீட்டில் அந்த இன்னொரு வாட்டி வந்ததே இல்லை. பையை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு நடந்தேன். மூன்று பேரும் பின்னால் வந்தார்கள்.

பஸ் ஸ்டாண்டில் எல்லா பஸ்ஸிலும் மேல்மலையனூர் என்று ஒரே போர்டு. சேலம் போகத் திருவண்ணாமலையில் மாற வேண்டும்; அங்கே போகும் வண்டிகளையும் மலையனூருக்கு ஸ்பெஷலாகத் திருப்பிவிட்டிருந்தார்கள், அடுத்தது எப்போது என்று டைம் கீப்பருக்கே தெரியவில்லை. அப்போது மலையனூரிலிருந்து திரும்பி வந்த பஸ் ஒன்றில் டிரைவரும் கண்டக்டரும் மட்டும் இருந்தார்கள். அடுத்த கூட்டத்தை ஏற்ற விழுப்புரம் போகிறார்களாம். பார்த்துக்கொண்டே நின்றேன். விழுப்புரம் வண்டி காலியாகத் திரும்பினால் திருவண்ணாமலை வண்டியும் அப்படித்தானே திரும்ப வேண்டும்? அது செஞ்சிக்கு வராது, மலையனூரிலிருந்து நேராகக் கிளம்பும். அங்கே போய்த்தான் பிடிக்க வேண்டும்.

"மலையனூருக்கு ஏறுங்க," என்றேன்.

"ஏற்காட்டுக்கு இதான் வழியா?" என்றார் நைனா. ஆனாலும் ஏறினார்.

நிற்க இடமில்லை. எலுமிச்சம்பழ மாலைகளுக்கும் வேப்பிலைக்கும் நடுவில் நாங்கள் ஸ்வெட்டர் பையோடு நசுங்கினோம். என்ன வேண்டுதல் என்று ஒரு பெண் அம்மாவைக் கேட்டாள். படகு மிதிக்கப் போகிறோம் என்று அம்மா சொன்னதும் அந்தப் பெண் பேச்சை நிறுத்திக்கொண்டாள். காலியாக எதுவும் நிற்காவிட்டால் இவர்களை எங்கே கூட்டிப்போவது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன்.

மலையனூரில் அத்தனை பேரும் கோயில் பக்கம் போக, நாங்கள் நாலு பேர் மட்டும் எதிர்ப்பக்கம் நடந்தோம். அம்மா ஒரு நிமிஷம் நின்று கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டாள், அடுத்த அமாவாசைக்கு வருவதாக ஆத்தாவிடம் சொன்னாள். ஓரமாக நின்றிருந்த திருவண்ணாமலை ஸ்பெஷல் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. ஓடிப்போய்க் கையைக் காட்டினேன்.

"எல்லாம் எறங்குற எடத்துல நீ ஏறுறியே. சாமி பாக்கலியா?" என்றார் கண்டக்டர்.

சேலம் போக வேண்டும், அம்மாவுக்காக என்றேன். அவர் எங்கள் நாலு பேரையும் பையையும் பார்த்தார்.

"அம்பது சீட்டு இருக்குது. புடிச்ச எடத்துல குந்துங்க."

நைனா மூன்று பேர் சீட்டில் காலை நீட்டிப் படுத்தார். ராஜா மாதிரி போகிறோம் என்றார். திட்டம் போட்டதே அவர்தான் என்பது போல இருந்தது.

திருவண்ணாமலையில் சேலம் பஸ் கிடைத்தது. மலைப்பாதையில் அம்மா வாந்தி எடுக்கவில்லை, நைனா எடுத்தார். ஏற்காட்டில் இறங்கியபோது இருட்டிவிட்டது. தூறல் வேறு. ஏரிக்கரை நடை போயிற்று.

ஞாயிறு காலை ஏரியே தெரியவில்லை, முழுக்கப் பனி. விலகினால்தான் படகு விடுவோம் என்றார்கள். ஒன்பது ஆயிற்று, ஒன்பதரை ஆயிற்று. பன்னிரண்டு மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் திங்கட்கிழமை காலை நான் ஷிப்டில் நிற்க முடியும். மானாவது பார்க்கலாம் என்றாள் தமிழினி. மான் வேண்டாம், மிளகு வேண்டாம், இங்கேயே நிற்போம் என்றேன். பத்தேகாலுக்கு எதிர்க்கரை மரங்கள் தெரிந்தன. கவுண்டரில் முதல் ஆள் நான்தான்.

தினமும் ராஜகிரி ஏறுகிற நைனா, லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு பின்சீட்டில் தமிழினியின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்தார். முன்னால் நானும் அம்மாவும் மிதித்தோம். எனக்குப் பாதி ஏரியிலேயே தொடை வலித்துவிட்டது. அம்மாவின் கால்கள் ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தன.

"மிஷினு மாரிதான் இருக்குது," என்றாள். "தைக்கத்தான் ஒண்ணுமில்ல."

அரை மணி முடிந்ததென்று கரையில் விசில் ஊதினார்கள்.

"பாப்பா, விசிலு அடிக்கிறான். திருப்பு," என்றார் நைனா.

"அடிக்கட்டும்," என்றாள் அம்மா. எதிர்க்கரையைப் பார்த்தபடியே மிதித்துக்கொண்டிருந்தாள்.