ரத்தத்தில் சேர்ந்தது

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த கணவரின் உதடுகளை ஈரப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. வந்தது யாரென்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. காலையிலிருந்து மூடியே கிடந்த அவர் கண்கள் திறந்துகொண்டதிலேயே தெரிந்துவிட்டது.

"என்னண்ணே, இன்னும் படுத்துக்கிட்டே இருக்கீங்க? வண்டி கிளம்பப் போவுது" என்றாள் டிரைவரம்மா.

அவர் உதட்டின் ஓரம் லேசாக அசைந்தது. சிரிப்புத்தான். மனைவி எத்தனை முறை கூப்பிட்டும் வராத சிரிப்பு.

அவர் தீயணைப்பு வீரர். டிரைவரம்மா அதே நிலையத்தில் வண்டி ஓட்டுபவள். எண்ணெய் பற்றி எரிந்தால் தண்ணீர் போதாது, நுரை அடிக்க வேண்டும். அதற்கு அடிக்கடி ஒத்திகை நடக்கும். இடுப்பு வரைக்கும் வெள்ளை நுரையில் நின்றுகொண்டு இருவரும் விழுந்து விழுந்து சிரிக்கும் படம் ஒன்று நிலையத்துச் சுவரில் மாட்டியிருந்தது. அதைப் பார்த்துவிட்டு வந்த அன்று வீட்டில் மனைவி அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"அவ என்னை அண்ணேன்னுதானடி கூப்பிடுறா?"

"கூப்பிட்டுட்டா ஆச்சா?" என்றாள்.

அந்த நுரையில் இருக்கும் ரசாயனம் லேசில் அழியாது, உடம்புக்குள் போனால் வருஷக்கணக்கில் ரத்தத்திலேயே தங்கிவிடும் என்பதெல்லாம் பின்னால்தான் தெரிந்தது. நிலையத்தில் எல்லோருக்கும் ரத்தம் எடுத்தார்கள். அதற்குள் அவருடைய சிறுநீரகத்தில் கட்டி வளர்ந்திருந்தது. "இதனாலதான் வந்துச்சுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. இல்லைன்னும் சொல்ல முடியாது" என்றார் டாக்டர்.

ரிசல்ட் வந்த அன்று அவர் டிரைவரம்மாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தது இப்போதும் அவள் காதில் இருந்தது. "உனக்கு எவ்வளவு? அடிப்பாவி, என்னையே மிஞ்சிட்டியே!" பரீட்சை மார்க்கை ஒப்பிட்டுக்கொள்ளும் பிள்ளைகள் மாதிரி. பிறகு அவளைப் பார்த்துக் கண்ணடித்தார். "பாத்தியா, அவளும் நானும் இப்ப ரத்த சொந்தம்."

பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவளுக்கு வயிறு எரிந்தது. வியாதியில்கூட இவர்களுக்குள் ஒரு கூட்டா?

அடுத்த முறை டாக்டரைப் பார்த்தபோது, "எனக்கும் அந்த டெஸ்ட் எடுக்கணும்" என்றாள்.

"பயமா இருக்காம்மா?"

தலையாட்டினாள். பயம் என்று வைத்துக்கொள்வதுதான் சுலபம்.

"அவரோட யூனிபாரத்தை யாரு துவைப்பாங்க?"

"வேற யாரு? நான்தான். மெஷின்ல போட்டா அழுக்கு போகாது. கையாலதான்."

டாக்டர் அவளை ஒரு கணம் பார்த்தார். "எடுத்துடலாம்" என்றார்.

இப்போது நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "உங்க ரிசல்ட் வந்திருக்கும்மா. டாக்டர் கூப்பிடுறார்."

அவள் கட்டிலைப் பார்த்தாள். டிரைவரம்மாவைப் பார்த்தாள்.

"போயிட்டு வாங்கக்கா. நான் இருக்கேன்ல."

அந்த 'நான் இருக்கேன்' சுருக்கென்று தைத்தது. பஞ்சைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு வெளியே வந்தாள்.

"உங்க ரத்தத்திலயும் அது சேர்ந்திருக்கும்மா" என்றார் டாக்டர். "சாதாரணமா ஜனங்களுக்கு இருக்கிறதைவிட நிறையவே அதிகம். துணியில காஞ்சு போன நுரை, உதறும்போது பறக்கிற தூசி, அப்படித்தான் வந்திருக்கணும். இதை வச்சு வியாதி வரும்னு சொல்ல முடியாது. ஆனா வருஷா வருஷம் கிட்னி, கொழுப்பு, தைராய்டு எல்லாம் பார்த்துக்கிட்டே வரணும். புரியுதா?"

"அந்த டிரைவரம்மாவுக்கு இருக்கிற அளவு இருக்கா?"

டாக்டர் விழித்தார். "அடுத்தவங்க விவரத்தை நான் சொல்லக் கூடாதும்மா."

நடைபாதையில் அவள் கால்கள் தாமாக வேகம் எடுத்தன. பயம் இன்னும் வந்து சேரவில்லை. அதற்கு முன்னால் வேறொன்று வந்து நெஞ்சை நிறைத்துக்கொண்டது. அவரிடம் என்ன சொல்வதென்று வார்த்தைகளைக் கூட்டிக்கொண்டே வந்தாள். ரத்த சொந்தம்னு பெருசாப் பேசினீங்களே, இப்ப என்ன சொல்றீங்க?

அறைக்குள் எந்தச் சத்தமும் இல்லை. அவருடைய வலது கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் பொத்தி வைத்திருந்தாள் டிரைவரம்மா. போர்வை ஏறி இறங்கவில்லை.

"இப்பத்தான்க்கா... கூப்பிடலாம்னு எந்திரிக்கிறதுக்குள்ள..."

அவள் வாசலிலேயே நின்றாள். "ஏதாவது சொன்னாரா?"

"நீங்க எங்கன்னு கேட்டாரு. வந்துடுவாங்கன்னு சொன்னேன்."

அது நிஜமா, தன்னைத் தேற்றச் சொன்னதா என்று அந்த முகத்தில் தேடினாள். அழுது வீங்கிய முகத்தில் எதுவும் பிடிபடவில்லை.

டிரைவரம்மா அவர் கையை மெதுவாகப் படுக்கையில் வைத்துவிட்டு எழுந்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "டாக்டர் என்னக்கா சொன்னாரு?"

அவள் கணவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஒண்ணும் இல்லையாம்."

"அப்பாடா. நீங்களாவது தப்பிச்சீங்களே" என்றாள் டிரைவரம்மா. "அண்ணனுக்கு அந்தக் கவலைதான்க்கா. 'அத்தனை வருஷம் அவகிட்ட துவைக்கப் போட்டேனே'ன்னு வண்டியில வரும்போதெல்லாம் புலம்புவாரு."

தன்னிடம் அவர் அதை ஒரு நாளும் சொன்னதில்லை.

நர்ஸைக் கூப்பிட டிரைவரம்மா வெளியே போனாள். கதவு சாத்திக்கொள்ளும்வரை காத்திருந்து, அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அவருடைய வலது கையை எடுத்துக்கொண்டாள். வெதுவெதுப்பாக இருந்தது. அது அவருடைய சூடா, அந்தக் கைகள் விட்டுப்போன சூடா என்று தெரியவில்லை. அது ஆறும்வரை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.