பேஸ் கிட்டாரும் சட்டைக் கையும்

என் வீட்டுக்காரர் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவர். ஊரார் பார்வையையெல்லாம் துல்லியமாகச் சொல்லிவிடுவார். தன் கை எவ்வளவு நீளம் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. தையல்காரியான எனக்குத் தெரியும். இவருடைய அண்ணன் ஆஜானுபாகு. தானும் அப்படித்தான் என்று இவருக்கு ஒரு நினைப்பு. அதனால் கல்யாணமான நாளிலிருந்து இவர் சொல்லும் அளவிலிருந்து சட்டைக் கையில் மட்டும் சத்தமில்லாமல் இரண்டு அங்குலம் குறைத்து வெட்டுகிறேன். சட்டையும் கச்சிதமாக இருக்கிறது, நினைப்பும் பத்திரமாக இருக்கிறது.

வெளியூரில் படிக்கும் மகள் விடுமுறைக்கு வந்தபோது ஒரு பாட்டுப் பாடினாள். என் தையல் அறை மூலையில் கம்ப்யூட்டரை வைத்து இவர்தான் பதிவு செய்தார், கிட்டாரும் வாசித்தார். "எல்லாம் நல்லா இருக்குப்பா, ஆனா அடியில காலியா இருக்கு" என்றாள் மகள். உடனே, கனத்த அடிச்சுரம் தருகிற பேஸ் கிட்டார் வாங்கித் தானே வாசிப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டார். வெள்ளிக்கிழமைக்குள் பாட்டு அவள் கல்லூரிப் போட்டிக்குப் போக வேண்டும். புது இடத்தில் ஒட்டாமல் தவிக்கிற பிள்ளை அவள். அந்தப் பாட்டைப் பற்றிப் பேசும்போதுதான் குரலில் கொஞ்சம் தெம்பு வரும். அது கெட்டுவிடக் கூடாதே என்று எனக்கு உள்ளூரப் பயம்.

இசைக்கருவிக் கடைக்குப் போனோம். கடைக்காரப் பெண் இரண்டு பேஸ் கிட்டாரை எடுத்து வைத்தாள். ஒன்று நீளக் கழுத்து. மற்றது குட்டைக் கழுத்து, விலையும் எங்களுக்குக் கட்டுப்படியாகும். இவர் நேராக நீளத்தை மாட்டிக்கொண்டார். கழுத்தின் நுனியை எட்டுவதற்குள் நாக்கு வெளியே வந்துவிட்டது. வாசித்த நான்கு சுரத்தில் மூன்று தப்பு.

"அந்தச் சின்னது கைக்கு அடக்கமா இருக்கும் சார். ஸ்கூல் பிள்ளைங்ககூட..."

"நான் ஸ்கூல் முடிச்சு முப்பது வருஷம் ஆச்சும்மா."

நான் குறுக்கே புகுந்தேன். "வீட்டுல இவரு ஒயரை நேரா கம்ப்யூட்டர்ல சொருகித்தான் பதிவு பண்ணுவாரு. ரெண்டையும் அப்படிக் கேட்டுப் பாக்கலாமா?"

ஹெட்போனில் கேட்டோம். குட்டையும் கும்மென்று நிறைவாகவே ஒலித்தது. இவரும் தலையாட்டினார். ஆனாலும் "பாக்க பொம்மை மாதிரி இருக்கே" என்று முணுமுணுப்பு. நான் கைப்பையிலிருந்து டேப்பை எடுத்தேன். மனிதர் விறைத்துப்போனார்.

"யாரை அளக்கப் போற?"

"உங்களை இல்ல." இரண்டு கிட்டாரையும் அளந்து உதட்டைப் பிதுக்கினேன். "உங்க மேசைக்கும் என் மெஷினுக்கும் நடுவுல பெருசு இடிக்கும்."

"இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?" என்றவர், கடைக்காரப் பெண்ணிடம் பெரிய மனது பண்ணி, "இடம் பத்தலைம்மா, சின்னதையே குடுங்க" என்றார்.

புதன்கிழமையே பாட்டு போய்ச் சேர்ந்தது. மகள் போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டார்.

"இப்பதாம்பா நெறஞ்சிருக்கு. நாலு தடவை கேட்டுட்டேன். ரூம்ல எல்லாரையும் உக்காரவச்சுக் காட்டினேன்."

இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எல்லாரையும் உட்காரவைக்கிற அளவுக்கு அவளுக்கு அங்கே ஆள் கிடைத்துவிட்டது.

"ஆமா, உங்க கைக்கு எப்படிப்பா எட்டுச்சு?"

விடுமுறையில் அப்பா சட்டைக்கெல்லாம் பட்டன் தைத்தவள் அவள்; கை நீளம் அவள் கண்ணுக்குத் தப்பியிருக்காது. நான் அவசரமாக மெஷினை மிதித்தேன்.

போனை வைத்ததும், மேசைக்கும் மெஷினுக்கும் நடுவே இருந்த தாராளமான இடத்தைப் பார்த்தார். பிறகு தன் சட்டைக் கையைப் பார்த்தார்.

"எத்தனை அங்குலம்?"

"ரெண்டு."

"எத்தனை நாளா?"

"கல்யாணத்துலேருந்து."

மெஷினில் ஓடிக்கொண்டிருந்ததும் அவர் சட்டைதான். அதன் கைத் துணியைத் தொட்டுப் பார்த்தார்.

"இதுலயும் குறைச்சிடு" என்று சொல்லிவிட்டு, குட்டைக் கிட்டாரை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.