முன்கூட்டி அச்சான இரங்கற்பா

தமிழ் கூறும் நல்லுலகம் அறிக: முத்தியால்பேட்டைக் கவிஞர் ஜானகிராமன், தம் தந்தை கன்னியப்பனாரின் மறைவுக்கு இயற்றிய முப்பத்திரண்டு அடி இரங்கற்பா அச்சேறிவிட்டது. தந்தைதான் இன்னும் மறையவில்லை.

டாக்டர் மூன்று நாள் கெடு சொல்லியிருந்தார். கருமாதிப் பந்தியில் ஆளுக்கொரு தாள் கொடுக்காவிட்டால் கவிஞன் வீட்டுச் சாவுக்கு என்ன மரியாதை? தேதிக்கு மட்டும் இடம் விட்டு அச்சுக் கோக்கச் செய்து, பிழை பார்க்கும்படி தங்கை ஆதிலட்சுமியிடம் தாளைக் கொடுத்துவிட்டு, பிரெஞ்சுக்காரன் போன பிறகும் மேரி என்றே அழைக்கப்பட்ட நகராட்சி ஆபீசுக்கு அண்ணன் வேலைக்குப் போய்விட்டான்.

ஊட்டிய கஞ்சி அப்பாவின் கடைவாயில் வழிந்தது. துடைத்துவிட்டுத் தாளை எடுத்தாள்.

"அது இன்னா காயிதம்?"

"அண்ணன் உன்மேல பாட்டு கட்டியிருக்குது, நைனா."

"படி."

'அமரர்' என்பதை விழுங்கிவிட்டுப் படித்தாள். பத்து அடி வரை கிழவர் பொறுத்தார்.

"இதுக்கு இன்னா அர்த்தம்?"

"நீ கைலாசத்துக்குப் போறியாம். தங்க விமானத்துல."

"பஸ்ஸு ஏறுனாலே எனக்குத் தல சுத்துது. அப்புறம்?"

"பொன்வாயில் தொறக்குதாம்."

"வாசல்ல யாரு நிக்கிறா?"

தாளில் பூதகணங்கள் நின்றன.

"உங்கம்மா மில்லு வாசல்ல சோறு எடுத்தாந்து நின்னா," என்றார் அவர், கூரையைப் பார்த்தபடி. "ஏதோ கோவம். வாங்காம அனுப்பிட்டேன். சாயங்காலமே வாந்திபேதியில போயிட்டா."

பதினாறு வருஷத்தில் ஒரு தரம்கூட அவர் இதைச் சொன்னதில்லை. ஆதிலட்சுமி தாளைக் கண்ணருகே கொண்டுபோனாள்.

"அம்மாதான் நிக்குதாம்."

"கோவமாவா?"

"கோவம்னு எழுதல. கையில தூக்கு இருக்குதாம்."

"இன்னா கொழம்பு?"

"கருவாட்டுக் கொழம்பு."

"கைலாசத்துலயா? வுடுவாங்களா?"

"எழுதியிருக்குதே, நைனா."

மில்லில் நாற்பது வருஷம் உழைத்தவர். அச்சடித்து ஒட்டிய எதற்கும் மறுபேச்சு பேசியறியார்.

"இந்த வாட்டி வாங்கிக்கிறேன்," என்று கண்ணை மூடினார். மத்தியானச் சங்கு ஊதியபோது மூச்சு இல்லை.

அண்ணன் ஓடிவந்து அழுதான்; நிஜமாகவே அழுதான். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு கேட்டான்:

"பாட்டக் கேட்டாரா?"

"கேட்டாரு."

"எந்த அடியில போச்சு உயிரு?"

அவள் விரலை வைத்துக் காட்டினாள்.

"பூதகணமா! எழுதறப்பவே எனக்கு ஒடம்பு சிலுத்துது, ஆதி."

அந்த அடியை மட்டும் கொட்டை எழுத்தில் போடச் சொல்லி அச்சுக்கூடத்துக்கு ஆள் அனுப்பினான். அவள் அப்பாவின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

போன ஆள் திரும்பி வந்தான். கொட்டை எழுத்து கைவசம் இல்லையாம்.