சிரித்தால் விழுகிறவர்

சலூன்காரருக்கு இரண்டு வருஷமாக ஒரு வியாதி. தலைச்சுற்றல் என்றார் ஒரு டாக்டர், பிரஷர் என்றார் இன்னொருவர், மூன்றாமவர் காதில்தான் கோளாறு என்று டார்ச் அடித்துக் குடைந்து பார்த்தார். ஸ்கேன் படங்களே ஒரு பை நிறையச் சேர்ந்துவிட்டன. எல்லாம் நார்மல். மனுஷன் மட்டும் பொத்துப் பொத்தென்று விழுந்துகொண்டிருந்தார்.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். மகள் தன் நாலு மாதக் குழந்தையை அவர் கையில் தரமாட்டேன் என்றுவிட்டாளே! "கோவிச்சுக்காதீங்கப்பா. நீங்க விழுந்தா எழுந்துக்குவீங்க. இவ?" நியாயமான பேச்சுதான். அதனாலேயே அவருக்கு நெஞ்சு வெடித்தது.

ஏழாவது டாக்டரிடம் போனபோதும் மனைவி வாசலிலேயே கட்டளை போட்டாள். "உள்ள யாரும் பல்லக் காட்டக் கூடாது. டாக்டர் நம்மள மதிக்கணும்." முக்கியமாக அது அவள் தம்பிக்கு. நாள் முழுக்க சலூனில் உட்கார்ந்து ஊர் வம்பு அளப்பவன். வாயைத் திறந்தால் சிரிப்புதான். அவனும் வாயை மூடிக்கொண்டான். மூன்று பேரும் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் போல உட்கார்ந்தார்கள்.

டாக்டரம்மா அந்த ஸ்கேன் பையைத் தொடவே இல்லை. "விழுந்து கிடக்கும்போது பக்கத்துல பேசறது கேக்குமா?"

"எல்லாமே கேக்குங்க. போன வாரம் விழுந்தப்ப, 'மாமா போயிட்டா சலூன் எனக்குத்தானே'ன்னு இவன் அக்காகிட்ட கேட்டான்."

மைத்துனன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அப்ப அது மயக்கமே இல்ல." டாக்டரம்மா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "விழறதுக்கு முன்னாடி என்ன பண்ணிட்டிருப்பீங்க?"

"சும்மா சிரிச்சுப் பேசிட்டிருப்போம்."

"ஒவ்வொரு தடவையுமா?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அட, ஆமாம்! ஆறு டாக்டர்களிடமும் போய் உம்மென்று உட்கார்ந்தால் வியாதி எப்படித் தலைகாட்டும்?

"அவரைச் சிரிக்க வைங்க," என்றார் டாக்டரம்மா.

மைத்துனனுக்கு வேர்த்துவிட்டது. சொல்லு என்றதும் ஒரு ஜோக்கும் வரவில்லை. ஒன்றை ஆரம்பித்துப் பாதியில் மறந்தான். இன்னொன்றின் முடிவை முதலிலேயே சொல்லித் தொலைத்தான். அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "வேலைவெட்டி இல்லன்னாலும் பேசவாவது தெரியுதேன்னு விட்டு வச்சேன். அதுவும் வரலியாடா உனக்கு!"

சலூன்காரர் குபீரென்று சிரித்தார். தாடை தொங்கியது, கழுத்து சாய்ந்தது, துவண்டுபோய் நாற்காலியிலிருந்து வழுக்கித் தரைக்கு வந்தார். டாக்டரம்மா குட்டிச் சுத்தியலோடு பாய்ந்து முழங்காலில் தட்டினார். தட்டினால் துள்ள வேண்டிய கால் அசையவே இல்லை. "கிடைச்சிருச்சு!" என்று குதிக்காத குறையாகக் கத்தினார். "மூளையில தூக்கத்தைக் கவனிக்கிற இடத்துல கோளாறு. சிரிச்சா முழிப்பு இருக்கும்போதே உடம்பு மட்டும் தூங்கிப்போகுது. அபூர்வம்தான், ஆனா மாத்திரை இருக்கு." கிடந்தபடியே கேட்ட சலூன்காரருக்குச் சந்தோஷத்தில் மறுபடி சிரிப்பு வந்தது, எழ இன்னும் இரண்டு நிமிஷம் ஆயிற்று.

ஒரு மாதம் மாத்திரை ஓடியது. மைத்துனன் தினமும் சிரிக்கவைத்துச் சோதித்தான், மாமா நின்றார். பிறகொரு காலையில் மகள் அவரைச் சோபாவில் உட்காரவைத்துக் குழந்தையைக் கையில் கொடுத்தாள். அது அவர் மீசையை எட்டிப் பிடித்து, பொக்கை வாயைத் திறந்து கெக்கெக்கென்று சிரித்தது. அவருக்கும் பொங்கிவிட்டது. மனைவி, மைத்துனன், மகள் மூவருடைய கைகளும் ஒரே நேரத்தில் பாய்ந்தன. பிடிக்க வேண்டிய தேவையே வரவில்லை. அவர் கை இம்மியும் தளராமல், கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

மகள் சற்று நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"பாத்துக்கங்கப்பா. நான் நிம்மதியா குளிச்சிட்டு வந்துடறேன்."