முப்பதாவது நிமிடம்

செல்லுக்கு வாய் கிடையாது. இருந்திருந்தால் இந்த மூன்று வருடத்தில் அவளை உண்டு இல்லை என்று பண்ணியிருக்கும். ஆய்வகத்தில் தட்டுத் தட்டாக உயிர்ச் செல்களை வளர்த்து, அவற்றின் மேல் செல்லை எழுப்பும் சமிக்ஞைத் திரவத்தை விடுவாள். இரண்டாவது நிமிடம் ஒரு தட்டு, ஐந்தாவது நிமிடம் ஒரு தட்டு என்று ஒரு மணி நேரம்வரை வெளியே எடுத்துக் கொன்று, உள்ளே ஒரு புரதம் எவ்வளவு விழித்திருக்கிறது என்று அளப்பாள். இதே வேலை, நூற்றுக்கணக்கான தடவை. முதுகு போய்விட்டது.

அவள் தருகிற எண்களை வைத்துக் கணினியில் சமன்பாடு எழுதுகிறவனை ஆய்வகத்தில் எல்லாரும் 'கணக்கு' என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிடப் பத்து வயது சின்னவன். ஒரு தட்டைக்கூடக் கையால் தொட்டதில்லை, ஆனால் செல்லோடு கூடவே குடியிருந்தவன் மாதிரி பேசுவான்.

அந்தப் புரதம் ஐந்தாவது நிமிடம் எழுந்து, அடங்கி, நாற்பதாவது நிமிடம் மறுபடி எழுந்தது. இரண்டாவது எழுச்சியை அதுவரை யாரும் பார்த்ததில்லை. வெள்ளிக்கிழமை கட்டுரை ஆய்விதழுக்குப் போகிறது. போனால் அவளுக்கு இங்கேயே நிரந்தர வேலை என்று பேராசிரியர் வாய்விட்டே சொல்லிவிட்டார். அவள் கணவர் பள்ளி ஆசிரியர். அவளுடைய தற்காலிக வேலை ஒப்பந்தங்களின் பின்னால் இரண்டு முறை வேலையை விட்டு ஊர் மாறி, மூன்று வருடமாக வீட்டோடு இருக்கிறார். இப்போது வேறொரு ஊர்ப் பள்ளி அவரைக் கூப்பிட்டிருந்தது. இந்த வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். "கட்டுரை உறுதிங்க, இங்கேயே இருந்துடலாம்" என்று ஞாயிற்றுக்கிழமை சொன்னவள் அவள்தான்.

செவ்வாய்க்கிழமை காலை கணக்கு வந்து அவள் மேசையருகே நின்றான்.

"அக்கா, கோச்சுக்காதீங்க. ஒண்ணு கேட்கணும்."

"கோச்சுக்கிற தெம்பெல்லாம் எப்பவோ போயாச்சு. கேளு."

"சமிக்ஞைய ரெண்டு தடவை குடுத்தீங்களா?"

"எனக்கென்ன பைத்தியமா?"

"இல்லக்கா, பாதியாக் குறைச்சாலும் நாலு மடங்கு ஏத்தினாலும் ரெண்டாவது எழுச்சி டாண்ணு அதே நேரத்துக்கு வருது. செல்லுக்குள்ளருந்து வந்தா கொஞ்சமாவது முன்னபின்ன நகரணும். எந்தச் சமன்பாடும் ஒத்துவரல. முப்பதாவது நிமிஷம் வெளியிலருந்து யாரோ ஒரு தள்ளு தள்ளின மாதிரி போட்டா மட்டும் கச்சிதமா உட்காருது."

"சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்? உன் சட்டியில இல்ல, போ."

அவன் போனான். அவள் செல் தட்டுகளைச் சூட்டில் வைத்திருக்கும் இன்குபேட்டரின் கதவைத் திறந்து சும்மா பார்த்துக்கொண்டு நின்றாள். தட்டுகள் இருக்கும் மேலடுக்கு அவளுக்கு எட்டாது. ஒவ்வொரு தடவையும் எக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. அதனால் அரை மணி ஆனதும், மிச்சமிருக்கும் தட்டுகளை மொத்தமாகக் கீழடுக்குக்கு மாற்றிவிடுவாள். ஒப்பிட்டுப் பார்க்க வைத்த, சமிக்ஞை விடாத தட்டுகள் கடைசியில்தானே வேண்டும் என்று, அவற்றை மட்டும் அசைக்காமல் மேலேயே விட்டுவிடுவாள். அரை மணி என்றால் முப்பதாவது நிமிடம்.

"என்ன, முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்று அன்று சாயங்காலம் கணவர் கேட்டார்.

"முதுகுவலி" என்றாள். முழுசாகத் தெரியாமல் அவரை ஏன் கலங்கடிப்பது என்று நினைத்தாள்.

புதன்கிழமை சமிக்ஞையே விடாத தட்டுகளை மட்டும் வைத்து, முப்பதாவது நிமிடம் கீழடுக்குக்கு மாற்றினாள். வியாழன் மதியம் முடிவு வந்தது. அளவுப் படத்தில் நாற்பதாவது நிமிடத்தின் இடத்தில், புரதம் விழித்ததைக் காட்டும் பட்டை கறுப்பாக, தடிமனாக விழுந்திருந்தது. தட்டைத் தூக்கி வைத்ததில் திரவம் அலம்பியிருக்கிறது. அந்த அலம்பலுக்கே செல் விழித்திருக்கிறது. தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலோடு உலுக்கிவிட்டு, ஏன் எழுந்தது என்று மூன்று வருடம் ஆராய்ந்திருக்கிறாள்.

கணக்கு அந்தப் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். "நான் யார்கிட்டயும் சொல்லலக்கா. நீங்க என்ன சொல்றீங்களோ அதுதான்" என்றான்.

அவளுக்கு ஆசை வராமல் இல்லை. இன்னும் ஒரே நாள். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டால் கட்டுரை போய்விடும், வேலை வந்துவிடும். பிறகு எவனாவது கண்டுபிடிப்பதற்குள் அவளுக்குத் தலை நரைத்துவிடும். ஐந்து நிமிடம் உட்கார்ந்து இதையெல்லாம் நினைத்தாள். நினைத்ததற்கே வெட்கமாக இருந்தது. படத்தை எடுத்துக்கொண்டு பேராசிரியர் அறைக்குப் போனாள்.

அவர் கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு முகத்தைத் தேய்த்துக்கொண்டார். "கட்டுரைய நிறுத்திடலாம்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "உன் வேலை விஷயம்... பார்க்கலாம்மா" என்றார். மூன்று ஆய்வகங்களில் மூன்று பேர் இதே 'பார்க்கலாம்' சொல்லிக் கேட்டவள் அவள். தலையாட்டிவிட்டு வந்தாள்.

மாடிப்படித் திருப்பத்தில் நின்று கணவருக்குப் போன் போட்டாள்.

"என்னங்க, அந்தப் பள்ளிக்கூடத்துக்குச் சரின்னு சொல்லிடுங்க. கட்டுரை போகல. நான் செஞ்சதுல தப்பு இருந்திருக்கு."

அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அதை நிறுத்திவிட்டு அவர் பேசினார்.

"நேத்தே வேண்டாம்னு எழுதிப் போட்டுட்டேன்மா. நீ உறுதின்னு சொன்னியே. வேற ஆளை எடுத்துட்டோம்னு காலைலதான் பதில் வந்துச்சு."

அவள் படியில் உட்கார்ந்தாள்.

"பரவால்ல, விடு" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. "சந்தேகம் எப்ப வந்துச்சு உனக்கு? இன்னைக்கா?"

பொய் சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார்.

"செவ்வாய்க்கிழமை" என்றாள்.